பூட்டினவர், திறந்தவன்

"திறந்தார்" என்ற சொல்லில் வந்து சச்சியருடைய நாக்கு மறுபடியும் இடறியது.

கடைக் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பாடமாக்கிக்கொண்டிருந்தார். மகன் நிருசன் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்த தாள் எண்ணெய்ப் போத்தலில் சாய்ந்து நின்றது. கொஞ்ச வசனந்தான். ‘ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று துரை கிட்டங்கியைப் பூட்டினார். பிறகு துரை திரும்பி வந்து கதவைத் திறந்தார். அதனால்தான் என் தகப்பனார் உயிர் தப்பினார்.’ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவிய மனிசன்தான். அதற்காக இவ்வளவையும் பாடமாக்க முடியாத அளவுக்கு மண்டை மழுங்கிப் போகவில்லை. முதல் வசனம் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததில் மீன்முள் மாதிரி ஏதோ குத்தியது.

"என்னப்பா, இன்னும் வரேல்லையோ?" என்று நிருசன் எட்டிப் பார்த்தான். "சனிக்கிழமை கெமைண்டவிலை, நகரசபையிலை இருந்தும் ஆக்கள் வருகினம். பேப்பர்காரர் வாறார். அங்கை நிண்டு முழிசக் கூடாது."

"முழிசிறது என்ரை கண். உனக்கென்ன?"

"என்ரை கடையப்பா!"

அதுதான் விஷயம். கடை.

துன் நகரத்தில், ஆரே ஆற்றை ஒட்டினாற்போல இருந்தது அந்தச் சாப்பாட்டுக் கடை. நிருசனும் மனைவி வேணுகாவும் கல்யாணம் கட்டிய கையோடு எடுத்து, இரண்டு பேரும் முதுகு முறிய நடத்தியது. கட்டடம் ஃபிராவ் எஷ்லிமான் என்ற அம்மாவுக்குச் சொந்தம். ஸ்கொட்லாந்தில் பிறந்து, சுவிஸ்காரரைக் கட்டி இங்கே வந்து, இப்போது புருசனையும் இழந்து தனியாக இருக்கிற மனுசி. கடை திறந்த புதிதில் ஒருநாள் சாப்பிட வந்தவர், சுவரில் தொங்கிய பழைய படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

அது சச்சியருடைய தகப்பன் கந்தவனம் மலாயாவில், பினாங்குத் துறைமுகத்தில், கணக்கெழுதுகிற கிறாணி வேலை பார்த்த காலத்துப் படம். கோட்டுப் போட்ட கிறாணிமார் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் றப்பர் கட்டுகள் அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் பெரிய கதவு. கதவுக்கு மேலே ‘மக்ஃபெயில் கம்பனி’ என்று பலகை. அந்த ஆர்ச்சிபல்ட் மக்ஃபெயில் வேறு ஆருமில்லை, ஃபிராவ் எஷ்லிமானின் பாட்டனார். றப்பரும் ஈயமும் கப்பலேற்றிக் கொழுத்த வியாபாரி. வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாட்டுச் சட்டசபையிலும் ஒரு கதிரை பிடித்தவர். யுத்தம் வந்தால் பினாங்குச் சனம் ஒருவரையும் கைவிடமாட்டோம் என்று அங்கே எழும்பி நின்று பேசினாராம். ஊர்ச்சனம் அவரைத் துரை என்றது. வெள்ளைக்கார முதலாளி எல்லாரும் துரைதானே.

நிருசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்ரை அப்பப்பாவை உங்கட தாத்தாதான் காப்பாற்றினவர்" என்று ஜெர்மனில் எடுத்துவிட்டான். பொய்யில்லை. வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தது. குண்டு விழுந்த அன்று துரை கிட்டங்கியைப் பூட்டினார், பிறகு துரையே வந்து திறந்தார், உள்ளே அடைபட்டவர்கள் நெருப்புக்குத் தப்பினார்கள் என்று. அந்த அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். பாட்டனார் யுத்தத்தைப் பற்றி வாயே திறக்காமல் செத்தவராம்.

அதில் தொடங்கியது, இப்போது பித்தளைத் தகட்டில் வந்து நின்றது. ‘குண்டு மழைக்குள் திரும்பி வந்து தன் தொழிலாளரைக் காத்த ஆர்ச்சிபல்ட் மக்ஃபெயில் நினைவாக’ என்று ஜெர்மன், இங்கிலிஷ், தமிழ் மூன்றிலும் வெட்டி, படத்துக்குக் கீழே பூட்டி, துணியால் மூடி வைத்தாயிற்று. சனிக்கிழமை துணி விலகும். அதே மேசையில் வைத்துக் கடைக்கான வெர்ட்ராக்கை, அடுத்த பத்து வருச ஒப்பந்தத்தை, அம்மா ஒப்பமிட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மகனுக்கு அது பிடிக்கவில்லை. கோப்பிக்கடைக் கம்பனி ஒன்று அதே இடத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மகன் அந்தப் பக்கம்.

சச்சியருக்கு அந்த அம்மாவில் கோபமில்லை. நம்பிக்கையும் இல்லை. அவர் ஆரையும் நம்புகிற ஆளில்லை. இந்த நாட்டு பஸ்ஸையே நம்பாமல் நேரத்துக்கு முந்திப் போய்க் குளிரில் நிற்கிறவர். காரணம் இருந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்த புதிதில் விசாரணையில், "ஆமி வரேக்கை பக்கத்து வீட்டு அண்ணை என்னை ஒளிச்சு வைச்சவர்" என்று சொன்னார். மொழிபெயர்த்தவர் ‘அண்ணை’யை உடன்பிறந்த சகோதரன் என்று ஜெர்மனில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். முதலில் சகோதரன் இல்லை என்றாயே, இப்போது எங்கிருந்து வந்தான் என்று பிடித்துக்கொண்டார்கள். பொய்யன் என்று முத்திரை. அதைக் கழுவ வருசக்கணக்காயிற்று. அதற்குள் லுசேர்ண் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிக் கழுவி நகமெல்லாம் வெளிறிப்போனது. ஒரு சொல் எப்படிக் கழுத்தில் ஏறி உட்காரும் என்பதை அவருக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

திறந்தார். திறந்தார். வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

அப்பா ஒருநாளும் ‘திறந்தார்’ என்று சொன்னதில்லை.

தகப்பனுடைய குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. கள்ளு உள்ளே போன அன்றைக்குத்தான் பினாங்குக் கதை வெளியே வரும். "துரை பூட்டினவர். துரை திறந்தவன்." பிறகு ஒரு நீண்ட மூச்சு. அவ்வளவுதான் கதை. பூட்டினவர், திறந்தவன். சின்ன வயதில் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தாலும் வெறியில் நாக்குப் பிரண்டது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் வெள்ளைக்காரத் துரையை ‘அவன்’ என்று சொல்கிற வாயா அந்த வாய்? துரையின் நாயைப் பற்றிச் சொல்லும்போதுகூட, "அவர் கடிக்கமாட்டார், குலைக்க மட்டும் செய்வார்" என்ற மனிசன் அல்லவா!

இங்கே பிறந்த நிருசனுக்கு அந்த வித்தியாசம் காதில் ஏறாது. மரியாதையாகக் கதைக்கவேண்டும் என்று வீட்டில் அடித்துப் பழக்கியதில் அவனுக்கு எல்லாமே ‘அவர்’. "அப்பா, ஒரு நாய் வந்தவர்" என்று சின்னனில் ஓடி வருவான். "நாய் வந்தவர் இல்லையடா, வந்தது!" என்று சச்சியர் எத்தனை தரம் கத்தியிருப்பார். இன்றைக்கும் பொலிஸ்காரரும் வந்தவர், களவெடுத்தவனும் வந்தவர்தான். அவன் வாய்க்குள் போன கதையில் இரண்டு துரையும் ஒரு துரை ஆனதில் என்ன புதினம்?

கையைத் துடைத்துக்கொண்டு கனடாவிலிருந்த அக்கா ஜெயகௌரிக்கு எடுத்தார். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அதற்கேற்ற மாதிரிக் கதையை வளைத்துவிடக்கூடும். அக்காவையும் சோதித்துத்தான் நம்பவேண்டும்.

"அக்கா, அப்பான்ரை பினாங்குக் கதையை ஒருக்காச் சொல்லு பாப்பம்."

"காலங்காத்தாலை உனக்கு என்ன வந்தது? நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை."

"சொல்லன். அப்பா சொன்ன மாதிரியே."

"என்னத்தைச் சொல்ல? கப்பலுக்கு றப்பர் ஏத்திற நேரம். குண்டு விழத் தொடங்கினவுடனை சனம் ஓடப்பார்த்தது. துரை கிட்டங்கியைப் பூட்டிப்போட்டுத் திறப்பைப் பொக்கற்றிலை போட்டுக்கொண்டு போயிட்டார். ஓடினா ஆர் கட்டுத் தூக்கிறது? பிறகு கூரையிலை நெருப்பு. துரை எங்கையோ இருந்து இரும்பு அலவாங்கோடை ஓடி வந்தவன். பூட்டை அடிச்சு..."

"பொறு, பொறு. வந்தவரோ, வந்தவனோ?"

"உனக்கென்ன விசரோ? கூலிக்காரனை, அதுவும் தமிழ்நாட்டிலை இருந்து வந்த வடக்கத்தியானை, அந்தக் காலத்துக் கிறாணிமார் ஆரடா ‘அவர்’ எண்டு சொன்னவை?"

சச்சியர் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "துரை எண்டது அவன்ரை பேரோ?"

"பேர்தான். தாய் தகப்பன் ஆசைக்கு வைச்ச பேர். ராமநாதபுரம் பக்கமாம். கிறாணிமார் நக்கலடிப்பினமாம், எங்களிட்டை ரெண்டு துரை, ஒராள் கதிரையிலை, ஒராள் மூட்டைக்குக் கீழை எண்டு. நீ இவ்வளவு காலமும் வெள்ளைக்காரத் துரை திறந்தவர் எண்டோ நினைச்சனி? அவர் அந்தக் கிழமையே கப்பலேறிட்டார். வெள்ளையளை மட்டும் ஏத்தினதுதானே."

"துரைக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோட்டுப் போடப் பிடிச்சுக்கொண்டு போனவன். அப்பா ஊருக்கு வருமட்டும் விசாரிச்சவர். திரும்பேல்லை." அக்கா கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. "அவனை நினைக்க இனி ஆர் இருக்கினம்? நீயும் நானும்தான். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா," என்றார் சச்சியர்.

கடை பூட்டியிருந்த மதியத்தில் மகனையும் மருமகளையும் இருத்தி வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாது. "பூட்டினவருக்குத்தான் நீங்கள் தகடு அடிச்சு வைச்சிருக்கிறியள். திறந்தவன் வேறை ஆள்."

நிருசன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இதை ஏன் இப்ப சொல்லுறியள்?"

"இப்பதான் எனக்கு விளங்கினது."

"எண்பது வருசமப்பா! பூட்டினவரும் இல்லை, திறந்தவரும் இல்லை. ஒரு ‘ர்’, ஒரு ‘ன்’, அவ்வளவுதானே. அதுக்காக நானும் வேணுவும் ரோட்டிலை நிக்கிறதோ?"

"அந்த ‘ன்’ இல்லாட்டி என்ரை அப்பா கிட்டங்கிக்குள்ளை கரியாப் போயிருப்பார். நானும் இல்லை, நீயும் இல்லை, உன்ரை கடையும் இல்லை."

"ஒரு ‘ஓம்’ சொல்லுங்கோ, போதும். பேந்து வீட்டை வந்து அந்தத் துரைக்கு விளக்குக் கொளுத்துங்கோ, நான் வேண்டாமெண்டனோ?"

வேணுகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சனிக்கிழமை சச்சியர் சொல்வதை ஜெர்மனில் சொல்லப் போகிறவள் அவள். வயதுபோனவர்களைப் பார்க்கும் இல்லத்தில் வேலை செய்தவள், ஆஸ்பத்திரிகளுக்கும் தமிழ்ச் சனத்தோடு மொழிபெயர்க்கப் போய்வந்தவள். பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து வந்தபடியால் ‘ன்’னுக்கும் ‘ர்’ருக்கும் உள்ள வித்தியாசம் அவள் காதுக்குத் தெரியும்.

"மாமா," என்றாள், "அவ என்னட்டைச் சொன்னவ, தன்ரை வாழ்க்கையிலை கேட்ட நல்ல கதை இதுதான் எண்டு. அதை உடைக்கப் போறியளோ?"

நல்ல மனுசியாய்த்தான் இருப்பார் அந்த அம்மா. அதுதான் கரைச்சல். கெட்டவள் என்றால் எவ்வளவு சுகம்.

"தாளிலை உள்ளதை மட்டும் வாசியுங்கோ," என்று நிருசன் எழும்பினான். "உங்களை நான் கும்பிட்டுக் கேக்கிறன்." பிறகு மனைவியைப் பார்த்தான். "அவர் என்ன சொன்னாலும், நீர் தாளிலை உள்ளதைச் சொல்லும்."

வேணுகா மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். ஓம் என்றாளா இல்லை என்றாளா என்று சச்சியருக்கு விளங்கவில்லை. அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் மருமகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தார். மொழிபெயர்க்கிற வாய். அதை நம்பி ஒருதரம் கெட்டது போதாதா?

சனிக்கிழமை மத்தியானம் கடை நிரம்பியது. சுவிஸ்காரர் அப்பேரோ என்கிற சின்னத் தீனி விருந்து. வைன் கிளாசுகளுக்கு நடுவே வேணுகா சுட்ட வடைகள். யன்னலுக்கு வெளியே ஆறு பச்சையாக ஓடியது. பின்வரிசையில் துன் தமிழர் கொஞ்சப் பேர், வடைக்கு வந்தவர்களா சச்சியருக்கு வந்தவர்களா தெரியாது. அம்மாவின் மகன் கதவோரம் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான். மேசையில் வெர்ட்ராக் விரித்து, பேனா மேலே வைத்திருந்தது. ஃபிராவ் எஷ்லிமான் பாட்டனார் நாட்டுக் கட்டம் போட்ட சால்வை போர்த்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி முகம் சிவந்து, துணியின் நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

"முதலில் இவர் சொல்லட்டும்," என்றார்.

சச்சியர் எழும்பினார். கோட்டுப் பைக்குள் தாள் இருந்தது. எடுக்கவில்லை. எதிரே நிருசன். கண்ணாலேயே கும்பிட்டான்.

இந்த நேரத்தில் அவருக்கு வேறொன்று வந்து குறுக்கே நின்றது. தகப்பனுக்கு உயிர் கொடுத்தவனை இத்தனை பேருக்கு முன்னால் ‘அவன்’ என்று சொல்வதா? மனசு ‘திறந்தவர்’ என்று சொல்லச் சொன்னது. ஆனால் மரியாதை கொடுத்தால் இரண்டு துரையும் திரும்ப ஒன்றாகிவிடும். தகடு அந்தக் கூலிக்காரனை இன்னொரு தரம் விழுங்கிவிடும். அவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனை மரியாதை இல்லாமல்தான் சொல்லவேண்டும்.

"என்ரை அப்பா சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லுறன்," என்றார். "துரை பூட்டினவர். துரை திறந்தவன்."

பின்வரிசையில் ஒருவர், "ஙா?" என்றார். இன்னொருவர், "உதென்ன, ஒராளை ரெண்டு விதமாய்ச் சொல்லுறார்?" என்று குசுகுசுத்தார். சுவிஸ்காரர் எல்லாரும் சிரித்த முகத்தோடு வேணுகாவைப் பார்த்தார்கள்.

வேணுகா புருசனைப் பார்த்தாள். நிருசன் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. சச்சியர் மருமகளைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்தது குசினி ஜெர்மன். அது போதும். அவள் புரட்டினால் பிடித்துவிடுவார். பிடித்து என்ன செய்யப்போகிறார் என்றுதான் தெரியவில்லை.

வேணுகா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். ஜெர்மனில் முதல் வசனத்தைச் சொன்னாள். மக்ஃபெயில் துரை கதவைப் பூட்டினார். நிறுத்தினாள். கடைக்குள் ஆரோ கிளாசை மேசையில் வைக்கிற சத்தம். பிறகு, "ஐன் ஆண்டரர்," என்றாள்.

வேறொருவர்.

"வேறொரு மனிதர் அதைத் திறந்தார். அவருடைய பெயர் துரை."

கதவோரம் நின்ற மகன் மணிக்கூட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தான். ஃபிராவ் எஷ்லிமானின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அடியில் ஒன்றும் இல்லாமல். ஏன் பூட்டினார் என்று கேட்டார். சச்சியர் சொன்னார். ஓடினால் கட்டுத் தூக்க ஆளில்லை என்று. வேணுகா அதையும் சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல்.

அம்மா படத்துக்குக் கிட்டப் போனார். விரலை ஒவ்வொரு முகத்துக்கு நேரேயும் கொண்டுபோனார். "இதிலே அந்த மனிதர் எவர்?"

"இல்லை," என்றார் சச்சியர். "படம் எடுக்கேக்கை கூலிக்காரரைக் கூப்பிடேல்லை."

ஃபிராவ் எஷ்லிமான் துணியை விலக்கவில்லை. துணியோடு சேர்த்துத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சச்சியருடைய கையைப் பிடித்து நன்றி என்றார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பேனா வைத்த இடத்திலேயே கிடந்தது.

நிருசன் தகப்பனோடும் கதைக்கவில்லை, மனைவியோடும் கதைக்கவில்லை. வடைகள் மிஞ்சிப் போயின. அடுத்த மாதம் வந்த கடிதத்தில், வெர்ட்ராக் நீட்டப்படாது என்று இருந்தது.

திறப்பு ஒப்படைக்கிற நாளில் ஃபிராவ் எஷ்லிமான் தானே வந்தார். தகடு கழற்றின துளைகளில் நிருசன் வெள்ளை பூசியிருந்தான். திறப்புக் கோர்வையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வேணுகாவிடம் சொன்னார். "என் பாட்டனாருடைய வீட்டில் ஒரு கதவுக்கும் திறப்பு இருந்ததில்லை. குளிக்கிற அறைக்குக்கூட. மலாயாவிலிருந்து வந்தவுடன் எல்லாவற்றையும் கழற்றிக் கடலில் எறிந்தாராம். யுத்தம் பார்த்த பயம் என்று நாங்கள் நினைத்தோம்." பிறகு சச்சியரைப் பார்த்தார். "உங்களில் கோபமில்லை. ஆனால் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னால் இங்கே இருந்து சாப்பிட முடியாது."

வேணுகா தமிழில் சொன்னாள். சச்சியர் தலையாட்டினார். முதல் தடவையாக அந்த மனுசியை நம்பினார். நம்பி ஒரு பிரயோசனமும் இல்லாத நேரத்தில்.

இப்போது கடை லாங்கன்தால் என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால். ஆறு இல்லை, ஆற்றில் மிதக்கிற அன்னம் இல்லை, மத்தியானத்தில் வேலையாட்கள் வந்து சாப்பிட்டுவிட்டு ஓடுகிற இடம். நிருசன் இன்னும் தகப்பனோடு தேவைக்குத்தான் கதைக்கிறான். உப்பு முடிஞ்சுது, கோழி வந்திட்டுது, அவ்வளவுதான். ஆனால் படத்தைச் சுவரில் கொழுவினது அவன்தான். கொழுவச் சொல்லி ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒருநாள் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஹரிஷ் என்ற தமிழ்நாட்டுப் பொடியன் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றான். "யாருங்க இது, உங்க தாத்தாவா?"

"ஓம், அந்தக் கரையிலை நிக்கிறவர்," என்றான் நிருசன். "ஆனா முக்கியமான ஆள் இதிலை இல்லை. உங்கட பக்கத்து ஆள், ராமநாதபுரம். துரை எண்டு பேர்."

"இல்லாத ஆளா? என்ன பண்ணாரு அவரு?"

குசினிக்குள் சச்சியர் வெங்காயத்தையும் கத்தியையும் பிடித்தபடி நின்றார்.

"கிட்டங்கி எரியேக்கை அலவாங்கோடை வந்தவர்," என்றான் நிருசன். "கதவைத் திறந்தவர்."

பழக்கதோஷத்தில் சச்சியருடைய வாய் திறந்தது, ‘வந்தவர் இல்லையடா’ என்று திருத்த. அப்படியே மூடிக்கொண்டார். கத்தி வெங்காயத்தில் இறங்கியது.